கம்பம் பள்ளத்தாக்குக்குப் புறப்படுமுன்

பொங்கல் விடுமுறைச் சுற்றுலா பற்றிப் பேசிய நமது சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இளைய குடும்பத்தினர் சிலர் நாசிக் போகலாம் என்றார்கள். கோதாவரி ஆறு, மலை, திராட்சைத் தோட்டம், ஒயின் ருசி பார்க்கும் கூடம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் உண்டு. ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு முழங்கால் அவ்வளவு தூரப் பயணத்துக்கு ஒத்துழைக்காது. "ஆறு, மலை, திராட்சை மூன்றும் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கம்பம் போகலாமே" என்றேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அங்கே ஒயின் கிடைக்குமா சார்?" எல்லோரும் சிரித்தோம், பேச்சு அத்தோடு முடிந்தது. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1980களில் மூன்று ஆண்டுகள் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருந்தேன். படித்தது வணிகவியல், எதைப் பார்த்தாலும் வரவு எது, பற்று எது என்று தேடுவது பழக்கம். அந்த ஊரின் பசுமையையும் அப்படித்தான் பார்த்தேன். மேற்குத் தொடர்ச்சி மலை மூன்று பக்கமும் சூழ, நடுவே நெல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல். முதல் நாள் பார்ப்பவர்கள் இயற்கையின் கொடை என்பார்கள். பேரேட்டைப் புரட்டினால் அது பாதி உண்மைதான் என்று தெரியும்.

முதலில் திராட்சை. நம் நாட்டுக்குத் திராட்சை மது வந்த கதை மிகப் பழையது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவை அருந்தி மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானியர் மது கொண்டுவந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதாவது மது முதலில் கப்பலில் வந்தது. கொடி மிகப் பின்னால்தான் வந்தது. கம்பத்தில் விளையும் பன்னீர் திராட்சை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. திருப்பலிக்குத் திராட்சை ரசம் வேண்டும் என்பதை நினைத்தால், ஒரு குருவானவர் கொடியோடு வந்ததில் வியப்பில்லை. 2023இல் இந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜாம், பழரசம், உலர் திராட்சை, ஒயின் எல்லாவற்றுக்கும் ஏற்ற பழம். மற்ற இடங்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. கம்பத்தில் கவாத்து செய்து சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும். அதனால் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்கும்.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டுமே? அங்கேதான் வரலாறு தொடங்குகிறது.

பெரியாறு இயல்பில் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம். இந்தப் பக்கம் வைகைப் படுகை வறட்சி. அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாமே என்ற யோசனை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு வந்தது. 1808இல் மலையைப் பார்வையிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் கால்டுவெல் அது நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்து சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்த பிறகுதான் திட்டம் உயிர்பெற்றது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீர் தேங்கும் நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். மொத்தம் 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டுகள். எங்கள் கிளையில் பத்தாண்டுக் கடன் பத்திரத்தையே நான்கு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம். 999 ஆண்டு என்பது எத்தனை தலைமுறைக் கணக்கு! 1970இல் தமிழகமும் கேரளமும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது.

1887இல் வேலை தொடங்கியது. பொறுப்பேற்றவர் கர்னல் ஜான் பென்னிகுவிக். சாலை இல்லாத காடு, யானை, காலரா, மலேரியா. ஆற்றை மறித்து முதலில் போட்ட தடுப்புகள் வெள்ளத்தில் அடித்துப் போயின. திரும்பவும் கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையில் எழுந்த அணை அது. மலையைக் குடைந்து ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினார்கள். 1895 அக்டோபரில் மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மேற்கே போன தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கி, பள்ளத்தாக்கைக் கடந்து வைகையில் கலந்தது.

ரமணாசிரமம் பகுதியில் குடியிருக்கும் நமக்கு அந்த ஆண்டில் இன்னொரு செய்தியும் உண்டு. அப்போது மதுரையில் வேங்கடராமன் என்றொரு பள்ளி மாணவர் படித்துக்கொண்டிருந்தார். 1896 செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பகவான் மதுரையில் இருந்த கடைசி ஆண்டுதான், பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்கு வந்த முதல் ஆண்டு.

பென்னிகுவிக் படத்தைப் பூஜையறையில் மாட்டியிருக்கும் வீடுகளை அங்கே பார்த்திருக்கிறேன். 1841 ஜனவரி 15 அவர் பிறந்த நாள். அன்று ஊர்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவரோடு உழைத்து நோயிலும் வெள்ளத்திலும் இறந்த கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர். மண்டபத்தில் நிற்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்வோம்.

இந்தப் பேரேட்டில் இன்னும் மூடாத பக்கம் ஒன்று உண்டு. அணையின் உறுதி பற்றிக் கேள்வி எழுந்ததால் 1979க்குப் பிறகு நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. 2014இல் மீண்டும் உறுதிசெய்தது. அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் பயமும் பயம்தான். இங்கே தண்ணீரை நம்பிய ஐந்து மாவட்டங்களின் வயிறும் வயிறுதான். அங்கே டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் கேட்டுக்கொண்டால் போதும்.

தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் விவசாயிக்குக் கவலை தீர்ந்துவிடாது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட எங்கள் கிளையில் கடன் கொடுப்போம். ஒருநாள் காலை, வயதான விவசாயி ஒருவர் மஞ்சள் பையோடு என் கவுண்டருக்கு வந்தார். பையைத் திறந்து காட்டினார். உள்ளே வெடித்த திராட்சை. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழம் உடைந்துவிடும், வியாபாரி தொடமாட்டார். "மூணு நாள் பொறுத்துப் பெஞ்சிருந்தா அறுத்திருப்பேன் சார். இந்தத் தவணைக்கு இதுதான் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. மேலாளர் தவணையைத் தள்ளி வைத்தார். நான் அவர் பெயருக்கு நேராக 'நிலுவை' என்று எழுதினேன். முப்பத்தைந்து ஆண்டு வேலையில் எத்தனையோ முறை எழுதிய சொல்தான். அன்று மட்டும் கை தயங்கியது. அடுத்த போகத்தில் அவர் வட்டியோடு கட்டிவிட்டார். கூடவே ஒரு கூடை நல்ல பழமும் கொண்டுவந்தார். அந்தக் கூடைக்கு எந்தக் கணக்கிலும் பதிவு இல்லை.

நம் குடியிருப்பிலும் கோடையில் ஆழ்துளைக் கிணறு இறங்குகிறது. டேங்கர் லாரி வருகிறது. மாதாந்திரப் பராமரிப்புத் தொகையைப் பற்றிச் சண்டை வருகிறது. மொட்டை மாடி மழைநீர்க் குழாயைச் சரிசெய்யும் செலவு மூன்று கூட்டங்களாகத் தள்ளிப்போகிறது. ஒரு மலையையே குடைந்து தண்ணீர் கொண்டுவந்தவர்களின் ஊரைப் பார்த்துவிட்டு வந்த பிறகாவது அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுவோம் என்று நம்புகிறேன்.

இனி பயண விவரம். திருக்கோவிலூர், திருச்சி, திண்டுக்கல், தேனி வழியாகக் கம்பம் சுமார் 400 கிலோமீட்டர். அதிகாலையில் கிளம்பினால் மாலைக்குள் சேரலாம். மறுநாள் சுருளி அருவி, திராட்சைத் தோட்டம், லோயர் கேம்ப் மணிமண்டபம். மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைக் குமுளி சாலையிலிருந்து பார்க்கலாம்; பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரமும் கொடுத்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறது. கூடலூருக்கு மேலே மலையுச்சியில் கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி ஒருநாள்தான் பக்தர்களை அனுமதிப்பார்கள். அன்று நம் கிரிவலப் பாதையை விட்டு நாம் எங்கே கிளம்புவது! கீழிருந்தே கும்பிட்டுக்கொள்வோம்.

பின்வரிசை நண்பருக்கு: நாசிக்கைப் போல ருசி பார்க்கும் கூடத்தை எதிர்பார்த்து வரவேண்டாம். தோட்டக்காரரிடம் நேரடியாகப் பழம் வாங்குவோம், விலையில் பேரம் பேசாமல். படம் எடுப்பதற்காகக் கொத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒவ்வொரு கொத்துக்குப் பின்னாலும் யாரோ கட்டவேண்டிய தவணை ஒன்று இருக்கலாம். வர விரும்புவோர் இந்த மாத இறுதிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். முன்பணத்துக்கு ரசீது நானே எழுதித் தருகிறேன்.