நோய் குழந்தைக்கு, விடை வராண்டாவில்

1/ 1890கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். குழந்தைகளுக்குக் கை கால் தொய்ஞ்சு போகுது, சிலருக்குப் பார்வையும் போகுது. ஈய விஷம்னு டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. ஆனா ஈயம் எங்கிருந்து வருது?

2/ கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் நோயாளிகளோட வீட்டைப் பார்த்தார். வெயிலில் பொடிஞ்ச வராண்டா கிராதிப் பெயிண்டில் ஈயம்! அதைத் தொட்ட கை வாய்க்குப் போகுது. 1904-ல் இதை எழுதி வெளியிட்டார்.

3/ குழந்தைகள் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயிண்டுக்கு எதிரா குவீன்ஸ்லாந்து சட்டம் போட்டது 1922-ல். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் தடை செய்தது 1978-ல்.

4/ இன்னைக்கும் ஆய்வக ரிப்போர்ட்டில் "ஈயம் உள்ளது"ன்னு மட்டும் இருந்தா பத்தாது. எந்த வீடு, எந்தச் சுவர், எந்தத் தேதி, எவ்வளவு? இதெல்லாம் பதிவானாதான் அந்தச் சுவரை விட்டுக் குழந்தையை விலக்க முடியும்.