குரலும் அரங்கும்: கே. பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் நாடகாசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அச்சில் நிலைத்த பனுவல் ஆய்வாளனுக்குக் கிட்டுகின்றது. அப்பனுவலுக்கு உயிரளித்த குரலோ காற்றிற் கலந்துவிடுகின்றது. அரங்கு, இசைத்தட்டு, திரைப்படம் ஆகிய மூன்றிலும் தொழிற்பட்ட கே. பி. சுந்தராம்பாளின் வாழ்வை நோக்குவது இக்குறையை ஓரளவேனும் நிவர்த்தி செய்யும்.

1908 இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் வறிய குடும்பத்திற் பிறந்த இவர், சிறுவயதிலேயே நாடகக் கம்பனியிற் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) ஆக்கங்களை ஆதாரமாகக் கொண்டு 'ஸ்பெஷல் நாடகம்' செழித்த காலம் அது. வெவ்வேறிடங்களிலிருந்து வந்த நடிகர் ஒத்திகையின்றி ஒரே மேடையிற் கூடி ஆடுவர். எதிராளியின் பாட்டுக்கும் தர்க்கத்துக்கும் உடனுக்குடன் விடையிறுக்க வேண்டும். ஒலிபெருக்கியற்ற கொட்டகையில் கடைசி வரிசையிலிருப்போனையும் எட்டவேண்டியிருந்தமையால், உச்சத் தாயியிற் பிசிறின்றி ஒலிக்கும் குரலே நடிகரின் மூலதனமாயிற்று. சுந்தராம்பாளின் கணீரென்ற குரலை இயற்கையின் கொடையென்று மாத்திரம் கூறுதல் பொருந்தாது. அவ்வரங்கு வேண்டிநின்ற உழைப்பின் பேறாகவும் அதனைக் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வரங்கு கடல் கடந்தும் இயங்கிற்று. தென்னிந்திய நாடகக் குழுக்கள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்றமை ஈழத்து இசைநாடக மரபுக்கு வித்திட்டது. நடிகமணி வி. வி. வைரமுத்து பிற்காலத்தில் வளம்படுத்தியதும் அம்மரபையே. சுந்தராம்பாளின் வாழ்விலும் கொழும்பு மேடைக்குத் தனியிடம் உண்டு. 1926 இல் எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்தது இங்குதான். 1927 இல் இருவரும் மணம்புரிந்தனர். இருவரும் இணைந்து நடித்த 'வள்ளி திருமணம்' பெரும்புகழ் ஈட்டியது.

1933 இல் கிட்டப்பா காலமானபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளாடை தரித்த அவர், ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என உறுதிபூண்டார். காதலும் தர்க்கமுமே உயிராகவிருந்த அரங்கில், இளம் நடிகையொருவரின் தொழில் இத்துடன் முடிந்திருக்கலாம். ஆயின் 1935 இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் அவர் ஆண் வேடமேற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபா என்பது அன்று வியந்து பேசப்பட்டது. சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அதில் வேதியராகத் தோன்றினார்.

அடுத்துவந்த பாத்திரங்களை நிரைப்படுத்தி நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். 1940 இல் மணிமேகலை; 1953 இல் ஜெமினியின் ஔவையார்; 1964 இல் 'பூம்புகார்' படத்திற் கவுந்தியடிகள்; 1973 இல் காரைக்காலம்மையார். யாவரும் இல்லறத்துக்குப் புறத்தே நின்று அறமுரைக்கும் பெண்கள். விதவைக்குச் சமூகம் வகுத்த எல்லையை அவர் மீறினாரல்லர். எனினும் அவ்வெல்லைக்குள் நின்றே மன்னரையும் தெய்வத்தையும் எதிர்நின்று வினவும் அதிகாரத்தைத் தம் குரலாற் பெற்றார். இதனை வெறும் பக்தியென்றோ முழு விடுதலையென்றோ கூறின் உண்மையின் ஒரு பாதியே கிட்டும்.

அக்குரல் அரசியல் மேடையையும் எட்டியது. சத்தியமூர்த்தியின் தூண்டுதலாற் காங்கிரஸ் கூட்டங்களிற் பாடிய அவர், 1951 இல் சென்னைச் சட்டமேலவை உறுப்பினரானார். திரையுலகத்தவர் ஒருவர் இந்தியச் சட்டமன்றமொன்றுட் புகுந்தமை அதுவே முதற்றடவை எனக் கூறப்படும். நாடகக்காரி என்ற சொல் இழிவாக ஆளப்பட்ட சமூகத்தில் இம்மாற்றத்தின் கனதி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

பின்னணிப் பாடல் முறை வலுப்பெற்று, நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்றாகிய பின்னரும், அவர் தாமே நடித்துத் தாமே பாடினார். 1969 ஆம் ஆண்டின் 'துணைவன்' படத்திற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது அவருக்குக் கிடைத்தமை சுவையானதொரு முரணாகும். 1970 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1980 இல் மறைந்தார்.

கிட்டப்பாவின் துணைவி என்றும் ஔவையாரின் திருவுரு என்றும் மக்கள் அவரை நினைவிற் கொண்டுள்ளனர். இரண்டும் பிழையன்று. ஆயினும் குரலைத் தொழிலாகக் கொண்டு, மூன்று ஊடகங்களின் மாற்றங்களுக்கும் ஈடுகொடுத்து நின்ற கலைத்தொழிலாளி ஒருவரை அவை மறைத்துவிடுகின்றன. ஈழத்து மேடைகளிற் பாடி ஆடிய பெண்கலைஞர் பலரின் வரலாறு இன்னும் எழுதப்படாதிருக்கும் நிலையில், இந்நோக்கு அவர்களுக்கும் வேண்டப்படுவதொன்றாகும்.