கொள்ளைநோயும் கொள்ளைநோய்ச் செய்தியும்: விட்டன்பர்க், 1527

கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்த 2020ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் எழுதிய ஒரு பத்தி பல மொழிகளில் கைப்பேசிகளின் வழியாகப் பரவியது. வீட்டைப் புகையூட்டித் தூய்மைப்படுத்துவது, மருந்து உட்கொள்வது, தேவையில்லாத இடங்களைத் தவிர்ப்பது, ஆயினும் அயலான் அழைத்தால் தயங்காது செல்வது என்னும் கருத்துகளைக் கொண்ட பகுதி அது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் உலக சுகாதார நிறுவனம் மக்களின் மனநலத்தைக் கருதி ஓர் அறிவுரை வெளியிட்டது. கலக்கம் தரும் செய்திகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம்பத்தக்கோரிடமிருந்து, நாளொன்றுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில் மட்டும் செய்தி அறிய வேண்டும் என்பது அதன் சாரம். நோய் ஒன்று, நோயைப் பற்றிய செய்தி உள்ளத்தில் விளைக்கும் கேடு மற்றொன்று என்னும் பகுப்பு இவ்வறிவுரைக்கு அடிப்படை. இப்பகுப்பை லூத்தர் நன்கு அறிந்திருந்தார். ஆனால் அதற்குச் சான்றாக நிற்பது பலர் பரப்பிய அப்பத்தியன்று. அது வெளிவருமுன் அவர் எழுதிய ஒரு கடிதமாகும்.

1527ஆம் ஆண்டுக் கோடையில் சாக்சனி நாட்டு விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் தலைகாட்டிற்று. எல்பே ஆற்றங்கரையில் அமைந்த அச்சிறு நகருக்குப் பல்கலைக்கழகமே உயிர்நாடி. ஆகஸ்டு 10ஆம் நாள், சாக்சனியை ஆண்ட யோவான் கோமகன், லூத்தர் தம் குடும்பத்துடன் யேனா நகருக்குச் செல்ல வேண்டுமெனப் பணித்தார். சில நாள்களில் பேராசிரியரும் மாணவரும் அங்குப் பெயர்ந்தனர். லூத்தர் பெயரவில்லை. நகரத் திருச்சபையின் போதகராகிய புகன்ஹாகனும் துணைக் குருமாரும் அவருடன் தங்கினர்.

ஆகஸ்டு 19ஆம் நாள் லூத்தர் தம் நண்பர் ஸ்பாலத்தினுக்கு எழுதினார். கொள்ளைநோய் தொடங்கியது மெய்யே, எனினும் இதுகாறும் மிதமாகவே உள்ளது என்கிறார். அவரை வியக்கவைத்தது நோயன்று. மக்களின் திகிலும் ஓட்டமுமே. இத்தகைய பேயாட்டத்தைத் தாம் முன்பு கண்டதில்லை என்றும், உள்ளங்களை அச்சுறுத்துவதில் சாத்தான் மகிழ்கிறான் என்றும் எழுதுகிறார். பின்னர் கணக்குச் சொல்கிறார். அதுவரை நடந்த அடக்கங்கள் 18. மீனவர் வாழும் புறப்பகுதியில் நோய் கடுமையாக இருந்தது. நகரின் நடுவில் நிகழ்ந்த முதல் சாவு நகரத் தலைவரின் மனைவியுடையது. அவ்வம்மையார் ஏறத்தாழ லூத்தரின் கைகளிலேயே உயிர்விட்டார்.

ஈண்டு நாம் சற்று நிற்றல் வேண்டும். சாத்தானைக் குறித்த பேச்சைக் கண்டவுடன் இக்கால மாணவர் சிலர் இக்கடிதத்தைப் பழங்கால நம்பிக்கை என ஒதுக்கக்கூடும். ஆனால் அக்கடிதத்தில் லூத்தர் செய்வது யாது? வதந்தி எத்தகையதாயினும் அடக்கங்கள் எத்தனை, எப்பகுதியில் மிகுதி, எங்கே குறைவு என்று அவர் அறிந்து எழுதுகிறார். மரணப்படுக்கையின் அருகே நின்றவர் ஆதலால் அவரால் அவ்வாறு எழுத முடிந்தது. தொலைவில் யேனாவில் இருந்தோருக்கு 18 என்னும் எண் எவ்வளவு பெரிதாய்ப் போய்ச் சேர்ந்திருக்குமோ!

இவ்வாறு எழுதியவர் அசையா நெஞ்சினர் என்று எண்ணுதல் பிழையாகும். அதே ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அவர் காதிரைச்சலும் மயக்கமும் கொண்டு, தமக்கு முடிவு வந்துவிட்டது எனக் கருதி வீழ்ந்தார். ஆகஸ்டு 2ஆம் நாள் மெலாங்தனுக்கு எழுதிய மடலில், ஒரு வாரத்திற்கு மேலாகத் தாம் மரணத்திலும் பாதாளத்திலும் கிடந்ததாகவும், உடல் இன்னும் நடுங்குவதாகவும் கூறுகிறார். உள்ளச்சோர்வு அவரை அம்மாரிக்காலம் வரை விடவில்லை. ஆகவே பிறருடைய அச்சத்தை அவர் மேலிருந்து நோக்கவில்லை.

பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர் யோகான் ஹெஸ், கொள்ளைநோய்க்குக் கிறிஸ்தவன் தப்பியோடலாமா எனக் கேட்டிருந்த வினாவுக்கு லூத்தர் அவ்வாண்டே விடை எழுதி அச்சிட்டார். போதகரும், நகர ஆளுநரும், பிறரைக் காக்கும் பொறுப்புடையோரும், தம் இடத்தில் வேறொருவர் இல்லாதவரை நீங்கலாகாது. அக்கடமை இல்லாதோர் நீங்குவது பாவமன்று. உயிரைக் காக்கும் உணர்வு இறைவன் வைத்ததே. அஞ்சியோடியவர்மீது பழி சுமத்த மறுக்கும் இப்பகுதி எனக்கு நூலின் மிகச் சிறந்த பகுதியாகத் தோன்றுகிறது. அச்சத்தைக் குற்றமாக்கினால் அது ஒளிந்துகொள்ளும். ஒளிந்த அச்சம் வளரும் என்பதைப் போதகர் பலரும் கண்டிருப்பர். மருந்தைப் புறக்கணிப்போர் இறைவனைச் சோதிக்கின்றனர் என்றும், கல்லறை ஊருக்கு வெளியே இருத்தல் நலம் என்றும் லூத்தர் அதே நூலில் எழுதுகிறார். நோயாளியின் அருகே செல்ல நடுங்குவோருக்கு 41ஆம், 91ஆம் சங்கீதங்களை நினைவூட்டுகிறார்.

எனினும் ஓரிடத்தில் அவரும் தடுக்கி விழுகிறார். நோயுற்ற சிலர் வேண்டுமென்றே மக்களிடையே நடமாடி நோயைப் பரப்புகின்றனர் என்ற பேச்சை அவர் கேள்விப்பட்டிருந்தார். நம்பலாமா எனத் தமக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே அதை அச்சிலும் ஏற்றி, மெய்யாயின் அத்தகையோருக்கு மரண தண்டனை வேண்டும் என்கிறார். அடக்கங்களை எண்ணியவர் இதை எண்ணிப் பார்க்கவில்லை. இத்தகைய பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1545ஆம் ஆண்டின் ஜெனீவா காட்டிற்று. கால்வின் வாழ்ந்த அந்நகரில், கொள்ளைநோயைப் பரப்பினர் என்ற குற்றச்சாட்டின்பேரில் ஆணும் பெண்ணுமாகப் பலர் கொல்லப்பட்டனர்.

லூத்தரின் காலத்தில் நோய்ச் செய்தி பெரும்பாலும் வாய்மொழியாகவும் கடிதமாகவும் வந்தது. அச்சிட்ட எண்ணிக்கை வாரந்தோறும் கைக்கு வந்தால் நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை அறிய 1665ஆம் ஆண்டின் இலண்டனை நோக்கலாம். அங்கே பங்குச்சபை எழுத்தர்களின் சங்கம் இறப்புப் பட்டியலை வியாழன்தோறும் அச்சிட்டது. செப்டம்பர் 19இல் முடிந்த வாரத்தில் கொள்ளைநோய்ச் சாவு 7,165; ஆண்டு முழுவதற்கும் 68,596. பட்டியல் மெய்யைக் குறைத்தே காட்டிற்று என்பதும் அறியப்பட்டதே. ஆகஸ்டு 31ஆம் நாள் நாட்குறிப்பில் சாமுவேல் பெப்பீஸ், அவ்வாரப் பட்டியல் 6,102 எனக் கூறினும் மெய்யெண் 10,000ஐ நெருங்கும் என எழுதினார். 1662இல் சபைப் பணியை இழந்த போதகர் தாமஸ் வின்சென்ட் நகரைவிட்டு நீங்காது பிரசங்கித்தார். பின்னர் 1667இல் வெளியிட்ட நூலில் அவ்வெண்களை வாரம் வாரமாக அடுக்கி, அவற்றை இறைவனின் கடுங்குரலாகக் காட்டினார். தானியல் டெஃபோ 1722இல் அக்காலத்தைப் பற்றி எழுதிய நூலில், போதகர் சிலரின் பிரசங்கங்கள் கேட்போரின் உள்ளத்தைத் தூக்கிவிடாமல் அமிழ்த்தின என்று குறைகூறுகிறார். டெஃபோவின் கதைசொல்லி கற்பனை மாந்தரே; ஆயினும் குறைகூறல் பொருளற்றதன்று. வின்சென்ட் மரித்தோருடன் இருந்தமையால் அவருக்கு அவ்வெண்களை உரைக்கும் உரிமை இருந்தது. மரணப்படுக்கை ஒன்றையும் காணாமல் எண்களை மட்டும் பிரசங்கபீடத்திற்குக் கொண்டுவந்த ஒருவருக்கு அது இருந்ததா என்பது வேறு வினா.

மீண்டும் விட்டன்பர்க். நவம்பர் 1ஆம் நாள் லூத்தர் ஆம்ஸ்டார்புக்கு எழுதுகையில் தம் வீடு மருத்துவமனையாகிவிட்டது என்கிறார். நோயுற்ற பெண்டிர் அவ்வீட்டில் கிடந்தனர். மகன் யோவான் உணவு கொள்ளவில்லை. மனைவி கத்தரீனா பேறுகாலத்தை நெருங்கியிருந்தார். துணைக் குரு ரோரரின் மனைவி பேறுகாலத்தில் கொள்ளைநோய் கண்டு குழந்தையையும் உயிரையும் இழந்தார். இச்சாவுக்குப்பின் ஊரில் அச்சம் மறுபடியும் எழுந்தது. அப்பொழுது புகன்ஹாகன் தம் குடும்பத்துடன் லூத்தரின் வீட்டுக்கே குடிவந்தார். இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டனர். உள்ளச்சோர்வுற்றோருக்குப் பின்னாளில் லூத்தர் எழுதிய மடல்களில், தனித்திருக்காதே என்னும் அறிவுரை திரும்பத் திரும்ப வருவதை வாசகர் அறிவர். அவ்வறிவுரையை அவர் அம்மாரிக்காலத்தில் தம் வீட்டிலேயே பட்டறிந்திருந்தார்.

டிசம்பர் 10ஆம் நாள் எலிசபெத்து என்னும் மகள் பிறந்தாள். நோய் தணிந்தது. அடுத்த ஆண்டு இளவேனிலில் பல்கலைக்கழகம் யேனாவிலிருந்து திரும்பியது.