தராசுக்கும் ஒரு தராசு வேண்டும்!

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவோரை முதலில் வரவேற்கும் சிற்றூர் ரிங்லெட். அதன் அருகேதான் 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கொழுந்து பறித்து எடைக்கூலி வாங்கிய குடும்பங்களுக்கு நிறுவையின் அருமை தெரியும். கூடையின் எடையைக் கழித்தால்தான் கொழுந்தின் எடை கிடைக்கும். தராசே கோணலாக இருந்தால்? உழைத்தவன் கணக்கும் பொய், கிராணியின் கணக்கும் பொய்!

ஒலித்துறையின் வரலாற்றிலும் இதே கதைதான்.

ஒரு பெருக்கிக்குள் விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள தூய ஒலியை அனுப்புகிறோம். வெளியே வரும்போது 2,000, 3,000 என்று அழையா விருந்தாளிகளும் சேர்ந்து வருகின்றன. இதற்குப் பெயர் ஒலித் திரிபு. இதை எப்படி அளப்பது? உள்ளே அனுப்பிய 1,000 அதிர்வை வடிகட்டி நீக்கிவிட்டு, மிச்சத்தை அளக்க வேண்டும். கூடையைக் கழிப்பது போலத்தான்.

1927 ஆகஸ்டு 2-ஆம் நாள், வேலைக்குச் செல்லும் படகில் அமர்ந்திருந்தார் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு பிளாக். வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி, பிழையைப் பிழையாலேயே திருத்தும் வழி அவர் மனத்தில் உதித்தது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழிலேயே அதை வரைந்து வைத்தார். அதன் பிறகு திரிபு குறைந்துகொண்டே போனது. குறையக் குறைய, அதை அளப்பது கடினமானது.

அளக்க வேண்டுமானால் முதலில் தூய ஒலி வேண்டுமல்லவா? அதைத் தந்தவர் வில்லியம் ஹியூலெட். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஒரு சாதாரண மின்விளக்கைச் சுற்றுக்குள் வைத்தார். ஒலி கூடினால் விளக்கின் இழை சூடாகும், மின்தடை உயரும், ஒலி தானாக அடங்கும். இந்தக் கருவியோடு 1939-இல் பிறந்ததுதான் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம். 1940-இல் வெளியான 'ஃபண்டாசியா' படத்தின் ஒலிப்பணிக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் எட்டுக் கருவிகளை வாங்கியது.

ஆனால், காவல்காரனிடமும் ஒரு குறை இருந்தது. அதிர்வு மிகத் தாழும்போது, ஒவ்வோர் அலைக்கும் இழை சூடாகிக் குளிர்ந்து, தானே திரிபை உண்டாக்கியது. 1990-இல் ஜிம் வில்லியம்ஸ் என்ற பொறியாளர் அதே சுற்றை நவீன உறுப்புகளால் அமைத்து, திரிபை 0.0003 விழுக்காட்டிற்குக் கொண்டுவந்தார். அது அவருடைய அளவுமானியின் எல்லையையே தொட்ட எண்!

இன்னும் கீழே போக முடியாதா? முடியும். ஆனால், இயற்கை குறுக்கே நிற்கிறது. எந்த மின்தடையும் வெப்பத்தால் மெல்ல இரைகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கி, 1928-இல் வெளியிட்ட உண்மை இது. அறை வெப்பத்தில் 1,000 ஓம் மின்தடை, காது கேட்கும் 20,000 அதிர்வு எல்லைக்குள் ஏறக்குறைய 0.6 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். ஒரு வோல்ட் ஒலியோடு ஒப்பிட்டால், பத்து லட்சத்தில் அரைப் பங்குக்குச் சற்றே அதிகம். நீண்ட நேரம் அளந்து சராசரி எடுத்தால் இரைச்சலுக்கு அடியிலும் எட்டிப் பார்க்கலாம். கருவியின் சொந்தத் திரிபோ சராசரியில் கரையாது. அது அலைக்கு அலை அப்படியே திரும்ப வருகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அளக்கும் கருவியின் திரிபும் பெருக்கியின் திரிபும் எதிரெதிர்த் திசையில் அமைந்தால், ஒன்றையொன்று விழுங்கிவிடும். முள் கிட்டத்தட்டப் பூச்சியத்தைக் காட்டும். இரண்டு குற்றவாளிகள் சேர்ந்து ஒரு நிரபராதியாக மாறிய கதை! அதனால்தான், கருவியை மட்டும் தனியே அளந்து, அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்வது நேர்மையான ஆய்வுக்கூடங்களின் வழக்கம்.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. ஹியூலெட் பேக்கார்டு 1972-இல் பினாங்கில் ஆலை திறந்தது. அதன் அளவுக்கருவிப் பிரிவு 1999-இல் ஏஜிலென்டாகவும், 2014-இல் கீசைட்டாகவும் மாறியது. பினாங்கில் அந்தப் பணி தொடர்ந்தது. உலகம் நம்பும் அளவுகோல்களில் மலேசியர் கைவண்ணமும் உண்டு.

ஆகவே வாசகர்களே, கடையில் '0.0001 விழுக்காடு திரிபு' என்ற விளம்பரத்தைக் கண்டால் உடனே பணப்பையைத் திறந்துவிடாதீர்கள். எதைக் கொண்டு அளந்தீர்கள், அந்தக் கருவியின் எல்லை என்ன என்று கேளுங்கள். கொழுந்து நிறுத்தவரிடம் கூடையின் எடையைக் கேட்ட நம் பாட்டிமாரின் கேள்வியும் அதுதானே!