மண்டையோட்டுக் கொடியும் நின்றுபோன மணிக்கூடும்: ஹம்பேர்க்கின் இரண்டு கழகங்கள்

ஹம்பேர்க்கில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்திருக்கும்: "நீ ஹா.எஸ்.ஃபவ்வா, சங்ட் பவுலியா?" வீட்டில் அப்பாவிடம் கேட்டால் அவர் குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ் என்று தன்னுடைய கதையைத் தொடங்கிவிடுவார். ஊருக்கு ஊர் கழகம், கழகத்துக்குக் கழகம் போட்டி என்பது எங்கள் ஆட்களுக்கும் புதிதில்லை. ஆனால் இந்த நகரத்தின் போட்டி எப்படி வந்தது, அதில் உங்களுக்கும் எனக்கும் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் இந்தப் பதிவு.

பெரியவரிடமிருந்து தொடங்குவோம். ஹா.எஸ்.ஃபவ் தன் பிறந்த ஆண்டாக 1887ஐக் கொண்டாடுகிறது. இன்றைய பெயரில் அது உருவானது 1919இல், மூன்று கழகங்கள் ஒன்று சேர்ந்தபோது. ஆறு முறை யேர்மன் சம்பியன். 1983இல் ஏதென்ஸில் யுவென்ருஸை 1-0 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தையும் தூக்கியது. அந்தக் கோலை அடித்தவர் பீலிக்ஸ் மகாட்.

சின்னவர் சங்ட் பவுலி. துறைமுகத்துக்கும் றீப்பர்பானுக்கும் பக்கத்திலுள்ள தொழிலாளர் குடியிருப்பின் கழகம். பிறந்த ஆண்டு 1910. போருக்குப் பிறகு ஹம்பேர்க் பசியில் கிடந்தபோது இந்தக் கழகத்துக்கு ஒரு பொற்காலம் வந்தது. அணியில் ஆடிய கார்ல் மில்லரின் தகப்பனுக்கு அங்கே இறைச்சிக்கடை இருந்தது. சாப்பாடு கிடைக்கும் என்றதால் டிரெஸ்டனில் இருந்தெல்லாம் நல்ல ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1948இல் யேர்மன் சம்பியன் போட்டியின் அரையிறுதி வரை போனார்கள். வயிறு நிறைந்ததும் அந்த மவுசும் குறைந்தது. 1963இல் புண்டஸ்லீகா தொடங்கியபோது ஹா.எஸ்.ஃபவ் உள்ளே, சங்ட் பவுலி வெளியே.

1977இல்தான் சின்னவர் முதல் தடவையாக மேலே வந்தார். அதே ஆண்டு ஹா.எஸ்.ஃபவ் கிண்ண வெற்றியாளர்களுக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றிருந்தது. லிவர்பூலில் இருந்து கெவின் கீகனையும் வாங்கியிருந்தது. செப்ரெம்பர் 3இல் இரண்டு அணிகளும் மோதின. சங்ட் பவுலி 2-0 என வென்றது! ஆனால் அந்தப் பருவத்தின் முடிவில் கடைசி இடம். 1979இல் காசில்லாமல் தொழில்முறை ஆட்டத்துக்கான அனுமதியும் போனது. அதோடு கதை முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. 1981இல் துறைமுகத்தை ஒட்டிய ஹாபன்ஸ்ராசவில் வெறுமையாகக் கிடந்த வீடுகளுக்குள் இளைஞர்கள் குடிபுகுந்தார்கள். பொலிசோடும் நகர நிர்வாகத்தோடும் பல ஆண்டுகள் இழுபறி. அந்த வீடுகளில் இருந்து மில்லர்ன்ரோர் மைதானத்துக்கு நடந்தே போகலாம். அப்படி வந்தவர்களில் ஒருவர் கொண்டுவந்து பிடித்ததுதான் மண்டையோட்டுக் கொடி. பணக்காரருக்கு எதிரான கடற்கொள்ளையர் கொடி என்ற பகிடியோடு அது ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1980களின் நடுப்பகுதி. எங்கள் பெற்றோர் பலர் அகதிகளாக யேர்மனிக்கு வந்து இறங்கிய அதே ஆண்டுகள். 1985இல் மட்டும் ஹம்பேர்க்கில் மெஹ்மெட் கைமாக்சி, ரமசான் அவ்சி என்ற இரண்டு துருக்கிய இளைஞர்கள் தீவிர வலதுசாரி மொட்டந்தலையர்களால் கொல்லப்பட்டார்கள். யேர்மனியின் பல மைதானங்களில் அப்படிப்பட்ட கும்பல்கள் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தன. கறுத்த தோலுள்ள ஒரு பொடியன் சனிக்கிழமை பின்னேரம் தனியாக ஒரு மைதானத்துக்குப் போவது விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சங்ட் பவுலி வேறு வழியில் போனது. இரசிகர்கள் 1989இல் தாங்களே ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள். இனவெறிக் கோஷத்தையும் நாசிச் சின்னங்களையும் மைதானத்துக்குள் விடக்கூடாது என்று கழகத்தை நெருக்கினார்கள். 1991இல் மைதான விதிகளிலேயே அந்தத் தடை எழுதப்பட்டது. யேர்மனியில் அப்படிச் செய்த முதல் தொழில்முறைக் கழகம் அதுதான். அந்த விதி மேலிடத்தில் இருந்து வரவில்லை, ரிக்கெற் வாங்கி நின்றவர்கள் கேட்டு வாங்கியது.

சரி, இவர்கள் நல்லவர்கள், அவர்கள் கெட்டவர்கள் என்று கதையை முடித்துவிடலாமா? வரலாறு அவ்வளவு சுலபமாக விடாது. சங்ட் பவுலியின் மைதானத்துக்கு 1970இல் இருந்து வில்ஹெல்ம் கொக் என்ற நீண்டகாலத் தலைவரின் பெயர்தான். அவர் நாசிக் கட்சி உறுப்பினராக இருந்தவர் என்பது பின்னர் தெரியவந்தது. உறுப்பினர்கள் வாக்களித்து, 1998இல் பெயரை மாற்றினார்கள்.

ஹா.எஸ்.ஃபவ் பக்கம் இதைவிடக் கனமான கதை ஒன்று உண்டு. 1920களின் சம்பியன் அணியில் ஒட்டோ ஹாடரும் நோர்வேக்காரரான அஸ்பியோர்ன் ஹல்வோர்சனும் தோழர்கள். பிறகு ஹாடர் எஸ்.எஸ். படையில் சேர்ந்து வதைமுகாம் காவலரானார். போர் முடிந்தபின் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் அவருக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தது. நாடு திரும்பிய ஹல்வோர்சன் நாசிகளை எதிர்த்ததால் பிடிபட்டு, ஹம்பேர்க்குக்குப் பக்கத்திலுள்ள நொயன்கம முகாம் உட்படப் பல முகாம்களில் அடைபட்டார். ஒரே சீருடை போட்ட இரண்டு பேர். ஹா.எஸ்.ஃபவ்வும் பின்னாளில் இந்தக் காலத்தைத் தன் அருங்காட்சியகத்தில் திறந்து காட்டியது. ஆகவே நிறத்தைப் பார்த்து மனிதரை அளக்க முடியாது.

மைதானத்துக்குத் திரும்புவோம். 2002 பெப்ரவரியில் சங்ட் பவுலி, அப்போதைய உலகக் கழகக் கிண்ணத்தை வைத்திருந்த பயேர்ன் மூன்சனை 2-1 என வென்றது. உடனே "வெல்ட்போகால்சீகர்பெசீகர்" என்று ரீசேட் அடித்து விற்றார்கள். உலகக் கிண்ணத்தை வென்றவரையே வென்றவர் என்று பொருள். அந்தப் பருவத்திலும் கடைசி இடம்தான்! அடுத்த ஆண்டு மூன்றாம் பிரிவுக்கு விழுந்து, கழகமே மூடப்படும் நிலை வந்தது. காப்பாற்றியதும் ரீசேட்தான்: "றெட்டர்", அதாவது மீட்பர், என்று எழுதியதை மக்கள் வாங்கிக் குவித்தார்கள். பயேர்னும் வந்து ஒரு நட்பு ஆட்டம் ஆடிக்கொடுத்தது.

2011 பெப்ரவரி 16இல் சங்ட் பவுலி மீண்டும் பெரியவரின் வீட்டுக்கே போய் 1-0 என வென்றது. 1977க்குப் பிறகு முதல் வெற்றி. கோல் அடித்தவர் கெரால்ட் அசமோவா. கானாவில் பிறந்து யேர்மன் தேசிய அணிக்கு ஆடியவர். பல மைதானங்களில் இனவெறிக் கூச்சலைக் கேட்டவர். இந்த நகரத்தின் பெரிய ஆட்டத்தை அவர்தான் முடித்து வைத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் சந்தோசம்.

ஹா.எஸ்.ஃபவ் மைதானத்தில் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. புண்டஸ்லீகாவில் இருந்து ஒருநாளும் இறங்காத கழகம் என்று 1963இல் இருந்து நிமிடக் கணக்குக் காட்டியது. 2018 மே மாதம் அது நின்றது. ஏழு ஆண்டுகள் கீழே. 2024இல் சங்ட் பவுலி மேலே போக, ஹம்பேர்க்கின் முதலாம் பிரிவுக் கழகம் என்றால் சின்னவர்தான் என்ற நிலை ஓராண்டு இருந்தது. 2025இல் ஹா.எஸ்.ஃபவ்வும் திரும்பி வந்தது. ஓகஸ்ட் 29இல் முதல் சந்திப்பு. சங்ட் பவுலி 2-0.

சங்ட் பவுலியும் இப்போது பழைய ஏழைக் கழகம் இல்லை. மண்டையோடு உலகம் முழுக்க விற்கும் வியாபாரச் சின்னம். அந்தப் பகுதியில் வாடகையும் ஏறிவிட்டது. 2011இலேயே இரசிகர்கள் சிவப்புக் கொடியோடு, கழகம் தன்னைத்தானே விற்கிறது என்று எதிர்த்தார்கள். ஆனால் 2024இன் முடிவில் கழகம் கடன் சுமைக்காகப் பணக்கார முதலீட்டாளரைத் தேடாமல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. 20,000க்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கினார்கள். ஏறத்தாழ 29 மில்லியன் யூரோ சேர்ந்தது. மைதானத்தின் பெரும்பங்கு இன்று அந்தச் சங்கத்தின் கையில்.

எந்தக் கழகத்தின் சால்வையைப் போடுவது என்பது உங்கள் விருப்பம். வீட்டுக்குள் இரண்டு சால்வையும் இருக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் அடுத்தமுறை பக்கத்தில் நிற்பவர் கேவலமான கோஷம் ஒன்றைத் தொடங்கினால், அதைத் தடுக்கும் விதி மைதானத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அதை எழுத வைத்தவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள் என்பது ஞாபகம் இருக்கட்டும். எங்கள் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டிகளுக்கும் இப்படி ஒரு விதி வேண்டுமா? அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.