ஆபரேஷனுக்கு முன் சர்க்கரையைப் பார்த்தீர்களா?

ஆபரேஷன் என்றதும் நம் வீடுகளில் பேச்செல்லாம் செலவைப் பற்றியும் கூட இருக்கப்போகும் ஆளைப் பற்றியும்தான். "சுகர் இருக்கா?" என்று மருத்துவர் கேட்டால், "அதெல்லாம் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில், நாம் இதுவரை பரிசோதித்துப் பார்த்திருக்கவே மாட்டோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த மாகறல் சுற்றுவட்டாரத்தில் குழித்தறியில் நாள் முழுக்க அமர்ந்து பட்டு நெய்யும் ஒருவருக்குச் சோர்வும் கால் மரத்துப்போவதும் வந்தால், தறி வேலையால் வந்தது என்றே நினைப்பார். அது சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். பலருக்கு எந்த அறிகுறியுமே தெரிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை மருத்துவர்கள் தலைமையில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல்.

புண் ஏன் சீழ் பிடிக்கிறது?

இரத்தத்தில் சர்க்கரை கூடினால், கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. நுண்ணிய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டிருந்தால், தையல் போட்ட இடத்துக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராது. போதாக்குறைக்கு, அறுவைச் சிகிச்சையின்போது உடலில் சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் ஆகியவையும் சர்க்கரையை ஏற்றும். நோய் இருப்பது தெரிந்தால் மருத்துவர் இன்சுலின் கொடுத்துக் கட்டுப்படுத்துவார். தெரியாவிட்டால் புண் சீழ் பிடித்த பிறகுதான் காரணம் வெளியே வரும்.

எந்த அளவு?

வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை அதற்கு முந்தைய நிலை. கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தாலும் சர்க்கரை நோய்தான். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பரிசோதித்து உறுதி செய்வார்கள். இரத்தசோகை உள்ளவர்களுக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் ஹெச்பிஏ1சி தவறாகக் காட்டக்கூடும். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

- ஹெர்னியா, மூட்டு மாற்று, கர்ப்பப்பை நீக்கம் போன்று முன்கூட்டியே நாள் குறிக்கும் ஆபரேஷன் என்றால், சில வாரங்களுக்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்ட ஊழியர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

- சர்க்கரை கூடுதல் என்று மருத்துவர் தேதியைத் தள்ளிப்போட்டால் கோபித்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரி தேடாதீர்கள். பிரிட்டனிலும் ஹெச்பிஏ1சி 8.5க்குக் கீழே வந்த பிறகு செய்வதே நல்லது என்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான அவசர ஆபரேஷனுக்கு இது பொருந்தாது. அங்கே சர்க்கரையைக் கட்டுப்படுத்திக்கொண்டே செய்வார்கள்.

- சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றைக் குறைந்தது 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

- ஆபரேஷன் முடிந்த பிறகும் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 200க்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் தந்த வழிகாட்டுதல். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

- வீடு திரும்பிய பிறகு 30 நாட்கள் கவனமாக இருங்கள். உள்ளே பிளேட், செயற்கை மூட்டு வைத்திருந்தால் 90 நாட்கள். தையலில் சிவப்பு, வீக்கம், சீழ், நாற்றம், காய்ச்சல் கண்டால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரமளானை ஒட்டி ஆபரேஷன் என்றால், நோன்பு பற்றியும் மாத்திரை நேரம் பற்றியும் மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததே.

ஒரு சொட்டு இரத்தம் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை இது. அத்தாவோ அம்மாவோ ஆபரேஷனுக்குத் தயாராகிறார்கள் என்றால், முதல் வேலையாக இதைச் செய்துவிடுவோம்.