மூன்று பதிவேடுகள், மூன்று மதிப்பெண்கள்

அமெரிக்காவில் ஒருவரது கிரெடிட் ஸ்கோர், அதாவது கடன் மதிப்பெண், ஒரே நாளில் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருப்பது இயல்பான ஒன்று. ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களும் கடன் வாங்கியவர்களைப் பற்றிய பதிவேடுகளைத் தனித்தனியே வைத்திருக்கின்றன. இதைக் கணினிக் கோளாறு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவை எக்காலத்திலும் ஒரே பதிவேடாக இருந்ததில்லை.

மூன்றில் மூத்தது ஈக்விஃபேக்ஸ். 1899-இல் அட்லாண்டா நகரில் உல்ஃபோர்டு சகோதரர்கள் 'ரீடெயில் கிரெடிட் கம்பெனி' என்ற பெயரில் இதைத் தொடங்கினர். எந்த வாடிக்கையாளர் கடனை உடனே தீர்ப்பார், யார் இழுத்தடிப்பார், யாரிடம் ரொக்கம் மட்டுமே வாங்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்குச் சொல்வதே தொழில். பின்னர் காப்பீட்டு நிறுவனங்களுக்காக மக்களின் குடிப்பழக்கம், குடும்ப வாழ்க்கை, ஒழுக்கம் பற்றியெல்லாம் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதி வைத்தனர். வம்புப் பேச்சும் கோப்பில் ஏறியது. சம்பந்தப்பட்டவருக்கு அதைப் பார்க்கும் உரிமைகூட இல்லை. இதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1970-இல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. நிறுவனம் 1975-இல் பெயரை மாற்றிக்கொண்டது.

மற்ற இரண்டும் வேறு வழியில் வந்தவை. டிரான்ஸ்யூனியன் 1968-இல் ரயில் டேங்கர் வண்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றின் தாய் நிறுவனமாகத் தோன்றி, மறு ஆண்டு சிகாகோ பகுதியின் கடன் பதிவு அலுவலகத்தை விலைக்கு வாங்கியது. விண்வெளித் துறையில் பெயர் பெற்ற டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் கடன் தகவல் பிரிவே 1996-இல் எக்ஸ்பீரியன் ஆனது.

கடன் கொடுப்பவர் தரும் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்கிறது. மூன்று நிறுவனங்களுக்கும் தந்தே ஆக வேண்டும் என்று கேட்பதில்லை. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெரிய வங்கிகள் பொதுவாக மூன்றுக்கும் அனுப்புகின்றன. சிறிய கடன் சங்கங்களில் சில, ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் அனுப்புகின்றன. வந்த தகவல் பதிவாகும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. 5,000 டாலர் வரம்புள்ள அட்டையில் 4,000 செலவழித்து முழுதும் கட்டிவிட்டவருக்கு, ஒரு பதிவேட்டில் பாக்கி இல்லை என்றும் இன்னொன்றில் 4,000 பாக்கி என்றும் சில நாட்கள் இருக்கலாம். புதுக் கடனுக்கு விண்ணப்பித்தால், வங்கி எந்த நிறுவனத்தில் விசாரித்ததோ அங்கே மட்டும் சில புள்ளிகள் குறையலாம்.

கணக்கிடும் முறையும் ஒன்றல்ல. 1956-இல் தொடங்கிய ஃபேர் ஐசக் நிறுவனத்தின் ஃபைகோ மதிப்பெண் 1989-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, ஒவ்வொரு நிறுவனத்தின் தரவுக்கும் ஏற்பத் தனித்தனியே அமைக்கப்பட்டது. வீட்டுக் கடனுக்கு நெடுங்காலம் பயன்பட்டவை ஈக்விஃபேக்ஸில் 5-ஆம், டிரான்ஸ்யூனியனில் 4-ஆம், எக்ஸ்பீரியனில் 2-ஆம் பதிப்புகள். மூன்று எண்களில் நடுவில் உள்ளதையே வங்கிகள் எடுத்துக்கொள்வது வழக்கம். 742, 718, 671 என்றால் 718. அதே பெயருள்ள வேறொருவரின் கடன் ஒரு பதிவேட்டில் மட்டும் கலந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். இரண்டில் கலந்தால் நடு எண்ணே விழும், வட்டி ஏறும்.

2006-இல் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வேன்டேஜ்ஸ்கோர் என்ற பொதுச் சூத்திரத்தை வெளியிட்டன. பதிவேடுகள் வேறாகவே இருந்ததால் விடைகளும் வேறாகவே வந்தன. இந்தியாவில் ரிசர்வ் வங்கி வேறு முனையிலிருந்து தொடங்கியது: கடன் தரும் நிறுவனங்கள் அனைத்தும் எல்லாக் கடன் தகவல் நிறுவனங்களிலும் உறுப்பினராகித் தகவல் தர வேண்டும் என்று 2015 ஜனவரியில் ஆணையிட்டது. இங்கே நான்கு நிறுவனங்களும் தத்தம் சூத்திரத்தை வைத்துக்கொண்டதால், சிபில் காட்டும் எண்ணும் மற்றவை காட்டும் எண்ணும் இன்றும் ஒத்துப்போவதில்லை.